பின் பிரேக் தானாகப் பிடித்துச் சுடுகிறதா? ஆறவிடுவதற்கு முன்பே பாருங்கள்

கேட்டிருப்பது இதுதான். மலேசியாவில் தாப்பாவிலிருந்து உள்ளே போகும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. 150 சிசி காப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்), முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக். லயத்திலிருந்து கிளம்பி ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியதும் பின் பிரேக் தானாகப் பிடிக்கிறது. பெடலை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருக்கிறது, டிஸ்கில் தண்ணீர் தெளித்தால் சீறுகிறது. அரை மணி நேரம் நிழலில் நிறுத்தினால் சக்கரம் பழையபடி லேசாகச் சுற்றுகிறது. கடையில் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் மாற்றியாயிற்று. பெடல் ஆழமாகப் போகிறது என்று சொல்லி அதையும் மேலே ஏற்றி வாங்கியாயிற்று. மூன்றே வாரத்தில் மறுபடியும் அதே தொல்லை. இப்போது பேட்டைத் தாங்கித் தள்ளும் காலிப்பரையே மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதில் இரண்டு விஷயங்கள் காலிப்பரைவிட வேறு இடத்தைத்தான் காட்டுகின்றன. ஒன்று, சூடானால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது. இரண்டு, பெடலை மேலே ஏற்றி வாங்கியிருக்கிறீர்கள். காலிப்பர் பிஸ்டன் துருவேறி இறுகியிருந்தால் பெரும்பாலும் காலையில் குளிர்ந்த மோட்டாரைத் தள்ளும்போதே கனம் தெரியும். உங்களுக்குக் குளிரில் ஒன்றுமில்லை. பிரேக் எண்ணெய் விரிவடையும்போது திரும்பிப் போக வழியில்லாமல் எங்கோ அடைபட்டிருக்கிறது என்பதே என் முதல் சந்தேகம்.

இந்தக் கோளாறில் பெரிய சிக்கல், மோட்டாரைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது ஆறிவிடுவதுதான். பொமென் (மெக்கானிக்) சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார், நன்றாகச் சுற்றுகிறது. கண்ணுக்குத் தெரிவது தேய்ந்த பேட் மட்டும், அதனால் பேட்டை மாற்றிவிடுகிறார். பேட் இங்கே பாதிக்கப்பட்ட பொருள், காரணம் அது இல்லை. பிரேக் இறுகியிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பார்த்தால்தான் காரணம் பிடிபடும்.

முதலில் உண்மையாகவே உரசுகிறதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். மிதித்த பிரேக் சுடத்தான் செய்யும், அது அதன் வேலை. சமதளமான சாலையில் 5 கிலோமீட்டர் பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். முன் பிரேக்கையும் கியரையும் வைத்து வேகத்தைக் குறைத்து, மெதுவாக நிறுத்துங்கள். இறங்கியதும் பின் டிஸ்கின் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். அனல் அடிக்கவில்லை என்றால் ஒரு சொட்டுத் தண்ணீரை விடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் டிஸ்கில் சொட்டு வழிந்து இறங்கும். சீறி ஆவியாகப் போனால் டிஸ்க் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது, பிரேக் பிடித்துக்கொண்டேதான் ஓடியிருக்கிறது. அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. டிஸ்க், காலிப்பர், சக்கரத்தின் நடுக் குடம் மூன்றையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் ஆறியிருக்க, நடுக் குடம் மட்டும் சுட்டால் பிரச்சினை பிரேக்கில் இல்லை, பேரிங்கில். அதற்கு வேறு வைத்தியம்.

அடுத்த சோதனைக்குச் செலவே இல்லை, ஆனால் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பின்னால் ஒருவரை வேறு மோட்டாரில் வரச் சொல்லி, உங்கள் பிரேக் விளக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் குழிக்குப் பயந்து வலது காலைப் பெடல் மேலேயே வைத்து ஓட்டுவது கைவந்த பழக்கம். கனமான ரப்பர் பூட்ஸ் போட்ட காலுக்குப் பெடல் அரை சென்டிமீட்டர் இறங்கியிருப்பது தெரியாது. விளக்கு அடிக்கடி மின்னினாலோ அணையாமல் எரிந்தாலோ கோளாறு காலிலோ பெடலிலோ இருக்கிறது. காலை முழுக்க எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் பெடல் தன் இடத்துக்குத் திரும்பவில்லை என்று பொருள். விளக்கின் சுவிட்சே தவறாக இறுக்கப்பட்டிருந்தாலும் அப்படி எரியும். ஆகவே பெடலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் சக்கரம் விட்டால், பெடல் சுழலும் அச்சில் சேறு காய்ந்து இறுகியிருக்கிறது, அல்லது திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. பெடலைக் கழற்றி அச்சைத் துடைத்து, துரு இருந்தால் மணல்தாளால் தேய்த்து, கிரீஸ் பூசி மாட்டினால் வேலை முடிந்தது. மோட்டார் ஒருமுறை வலப்பக்கம் விழுந்திருந்தால் பெடல் வளைந்து கால்மிதி இரும்பில் தட்டுகிறதா என்றும் பாருங்கள்.

பெடல் சரியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இனி, பெடலை மிதித்ததும் எண்ணெயைக் காலிப்பருக்குத் தள்ளும் பிரேக் பம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். இது புரிந்தால் மீதி எல்லாம் எளிது.

பம்பின் உள்ளே எண்ணெய்த் தொட்டியிலிருந்து வரும் வழியில் மிகச் சிறிய துளை ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரைவிடக் குறுகியது, இதைத் திரும்புதுளை என்று சொல்லலாம். பெடலை விட்டிருக்கும் நேரத்தில் பம்பின் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்து நிற்கும், துளை திறந்திருக்கும். பிரேக் சூடேறி எண்ணெய் விரிந்தால், கூடுதல் எண்ணெய் இந்தத் துளை வழியாகத் தொட்டிக்கு ஏறிவிடும். மிதித்தவுடன் பிஸ்டனின் ரப்பர் கப் முன்னால் நகர்ந்து துளையை மூடும், அழுத்தம் உண்டாகும். துளை மூடியபடியே நின்றுவிட்டால் என்ன ஆகும்? விரியும் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. அது காலிப்பர் பிஸ்டனைத் தள்ளுகிறது, பேட் உரசுகிறது, உரசலால் சூடு கூடுகிறது, சூட்டால் எண்ணெய் மேலும் விரிகிறது. சில கிலோமீட்டருக்குள் உங்கள் கால் படாமலேயே பிரேக் முழு பலத்தோடு பிடித்துவிடும். நிறுத்தி ஆறவிட்டால் எண்ணெய் சுருங்கி எல்லாம் விட்டுவிடும். நீங்கள் விவரித்தது அட்சரம் பிசகாமல் இதுதான்.

பெடலின் உணர்வையும் கவனியுங்கள். கல் போல இறுகினால் அழுத்தம் அடைபட்டிருக்கிறது. அதற்கு மாறாகப் பஞ்சு போல அமுங்கிக் கீழே போனால் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகியிருக்கிறது. இரண்டும் சூட்டால் வருவதுதான், ஆனால் காரணம் வேறு வேறு. முதலாவதில் சக்கரம் நிற்கும், இரண்டாவதில் பிரேக்கே இருக்காது. இறுகிய பிரேக்கை வற்புறுத்தி ஓட்டிக்கொண்டே போனால் முதலாவது இரண்டாவதாக மாறும், அதுதான் பயங்கரம்.

இனி, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும்போது எங்கே அழுத்தம் சிக்கியிருக்கிறது என்று தேடும் முறை. பெடலிலிருந்து தொடங்கிச் சக்கரத்தை நோக்கி ஒவ்வொரு இடமாக அழுத்தத்தைத் தளர்த்திப் பார்ப்பதுதான் இதன் சூட்சுமம். எந்த இடத்தைத் தளர்த்தியதும் சக்கரம் விடுகிறதோ, அதற்கும் அதற்கு முன் பார்த்த இடத்துக்கும் நடுவில் கோளாறு இருக்கிறது. பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுக்குப் பொருத்தமான சாவி, 8 மில்லிமீட்டர் ஸ்பானர், பம்பிலிருந்து காலிப்பருக்கு எண்ணெய் கொண்டுபோகும் ஹோஸின் போல்ட்டுக்கு 12 அல்லது 14 மில்லிமீட்டர் ஸ்பானர், பழந்துணி, கண் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை ஆகியவை தேவை. எண்ணெய் சூடாகவும் அழுத்தத்திலும் இருக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. பெயின்டில் பட்டால் பெயின்ட் உரியும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, சிந்தியதும் கழுவிவிடுங்கள். டிஸ்கின் மேல் மட்டும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வீட்டருகில் நாலைந்து சுற்று ஓட்டி, இறுகியதும் நடு ஸ்டாண்டில் ஏற்றி நியூட்ரலில் வையுங்கள். பம்பைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டையும் இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, பம்பைப் பெடல் தண்டிலிருந்து சற்று விலக்குங்கள். இந்தக் கட்டத்தில் எண்ணெய் எதுவும் வெளியே வராது, அதனால் இதை வழியிலேயேகூடச் செய்யலாம். சக்கரம் உடனே விட்டால், பெடலிலிருந்து பம்புக்குப் போகும் தள்ளுதண்டு தேவைக்கு மேல் நீளமாக வைக்கப்பட்டிருக்கிறது. அது பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் உள்ளே தள்ளியே வைத்திருக்கிறது, திரும்புதுளை திறக்கவே இல்லை.

விடவில்லையா? போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். பம்பின் வாயில் ஹோஸ் சேரும் போல்ட்டைத் துணியால் சுற்றிக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் பீச்சி, சக்கரம் விட்டால் கோளாறு பம்புக்குள்: துளை அடைத்திருக்கிறது, கப் உப்பியிருக்கிறது அல்லது பிஸ்டன் துருவில் சிக்கியிருக்கிறது. இப்போதும் விடவில்லை என்றால் அதை இறுக்கிவிட்டு, காலிப்பரில் இருக்கும் காற்று நிப்பிளைத் திறங்கள். அங்கே விட்டால் ஹோஸ். வெளியே புதிதாகத் தெரியும் ஹோஸின் உட்புற ரப்பர் உரிந்து ஒருவழிக் கதவு போல நிற்பதுண்டு. உங்கள் கால் பலத்துக்கு எண்ணெய் போகும், திரும்பும் மெல்லிய அழுத்தத்துக்குக் கதவு திறக்காது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால்தான் காலிப்பர், பேட், டிஸ்க் பக்கம் போக வேண்டும். கடையில் கேட்ட கேள்விக்கு இந்த நாலாவது கட்டத்தில்தான் பதில் கிடைக்கும்.

ஹோஸ் போல்ட்டையோ நிப்பிளையோ திறந்த பிறகு குழாயில் காற்று நுழைந்திருக்கும். காற்றெடுக்காமல் அந்த மோட்டாரைச் சாலையில் இறக்கக் கூடாது.

உங்கள் மோட்டார் முதல் கட்டத்திலேயே விட்டுவிடும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் பெடலை மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறீர்கள். பெடல் உயரத்தை மாற்றுவது இந்தத் தள்ளுதண்டின் நீளத்தை மாற்றித்தான். தண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, தண்டைத் திருகிக் குறுக்குங்கள். பெடல் முழுதாக மேலே நிற்கும்போது தண்டை விரலால் அசைத்தால் ஒரு மயிரிழை ஆட்டம் தெரிய வேண்டும், அரை முதல் ஒரு மில்லிமீட்டர் போதும். பெடல் நுனியில் அது சில மில்லிமீட்டர் வெற்று அசைவாக இருக்கும். அந்த வெற்று அசைவு பழுது இல்லை, பிரேக் உயிரோடு இருப்பதற்கான இடைவெளி. அதன் பிறகும் பெடல் ஆழமாகப் போனால் காற்று இருக்கிறது என்று பொருள். காற்றெடுத்துத் தீர்க்க வேண்டியதைத் தண்டை நீட்டித் தீர்க்கப் பார்த்ததால்தான் இவ்வளவு அலைச்சல். சரிசெய்ததும் பிரேக் விளக்குச் சுவிட்சையும் புதிய உயரத்துக்கு ஏற்ப மாற்றி வைக்க மறக்காதீர்கள்.

பம்புக்குள் என்றால், தொட்டி மூடியைத் திறந்து எண்ணெயையும் மூடியின் அடியில் இருக்கும் ரப்பரையும் பாருங்கள். தேநீர் நிறத்தில் எண்ணெய், அடியில் கரிய கசடு, வெள்ளைப் படிகம் ஆகியவை துளையை அடைக்கும். பம்பைக் கழற்றிப் புதிய பிரேக் எண்ணெயால் கழுவி, மின்கம்பியின் ஒற்றைச் செம்பு இழையைத் துளையில் விட்டுப் பாருங்கள். ஊசியோ துளைக்கருவியோ கூடாது. துளையின் ஓரம் கிழிந்தால் அது ஒவ்வொரு மிதிக்கும் கப்பைச் சீவும். சிலிண்டர் சுவரில் விரல் நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் புது ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை, பம்பையே மாற்ற வேண்டும்.

மூடி ரப்பர் ஊறிப் போய், அலை அலையாக, தொட்டியைவிடப் பெரிதாக இருக்கிறதா? அப்படியானால் யாரோ தவறான எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். இஞ்சின் எண்ணெயோ, டிராக்டரின் ஹைட்ராலிக் எண்ணெயோ தொட்டியில் ஒரு மூடி அளவு போனாலும் பிரேக் ரப்பர் எல்லாம் உப்பும். உப்பிய கப் துளையை மூடும். இதற்குக் கழுவுதல் பரிகாரம் இல்லை. பம்பு கப், ஹோஸ், காலிப்பர் சீல், மூடி ரப்பர் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். தோட்டத்தில் எல்லா எண்ணெயும் ஒரே கொட்டகையில் அடையாளமில்லாத போத்தல்களில் இருப்பதால் இது நடக்கக்கூடியதுதான்.

தொட்டியில் மேல் கோட்டுக்கு மேல் எண்ணெய் நிற்பதும் ஒரு காரணம். பேட் தேயத் தேயத் தொட்டியில் மட்டம் இறங்கும், யாரோ நிரப்புவார்கள். பிறகு புது பேட் போடும்போது காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினால் அத்தனை எண்ணெயும் மேலே ஏறி விளிம்பைத் தொடும், விரிவதற்கு இடமிருக்காது. சிரிஞ்சால் உறிஞ்சி, மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் வையுங்கள்.

காலிப்பர் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செம்மண் சாலையில் ஓடும் மோட்டாரில் இன்றில்லாவிட்டாலும் நாளை இது வரும். பெரும்பாலான காப்சாயில் பின் காலிப்பர் நகரும் வகை. பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அது உள்பேட்டைத் தள்ளும்போது காலிப்பர் உடலே இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி, எதிர்ப்பேட்டை இழுத்து வரும். ஊசி வழுக்காவிட்டால் ஒரு பேட் மட்டும் தேயும். கழற்றிய பேட் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரேக்கின் ஜாதகமே அதில் எழுதியிருக்கும். ஒன்று தடிப்பாகவும் மற்றது தகடாகவும் இருந்தால் வழுக்கு ஊசி. இரண்டும் சமமாக, ஆனால் வேகமாகத் தேய்ந்திருந்தால் அழுத்தம் விடவில்லை. ஆப்பு போலச் சாய்வாகத் தேய்ந்திருந்தால் காலிப்பர் கோணலாக நிற்கிறது, அல்லது பேட் தொங்கும் ஊசியில் பள்ளம் விழுந்து பேட் சிக்குகிறது. மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கினால் சூட்டில் வெந்துவிட்டது. அதைத் தேய்த்து மறுபடி போடுவதைவிட மாற்றிவிடுவது நல்லது.

வழுக்கு ஊசியை வெளியே இழுத்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். கிழிந்த உறை வழியாகச் சேறும் மழைநீரும் போய் உள்ளே சிமெண்டாகிவிடும். சிலிக்கான் கிரீஸ், அல்லது பிரேக்குக்கென்றே விற்கும் ரப்பர் கிரீஸ், மெல்லிய பூச்சாகப் போதும். சங்கிலிக்கும் பேரிங்குக்கும் போடும் சாதாரணக் கிரீஸ் ரப்பரை உப்பவைக்கும், அதன் பிறகு ஊசி முன்னைவிட மோசமாக இறுகும். மாட்டிய பிறகு காலிப்பர் உடலை இரண்டு விரலால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும்.

பிஸ்டனை உள்ளே இழுப்பது ஸ்பிரிங் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் வளையம்தான் அதைச் செய்கிறது. அழுத்தும்போது வளையம் சற்றே முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைக் கொஞ்சூண்டு பின்னால் இழுக்கும். பிஸ்டனின் வெளிநீட்டில் சேறும் பேட் தூளும் படிந்திருந்தால் அந்தக் கொஞ்சூண்டு இழுப்பு போதாது. பேட்டைக் கழற்றி, பிஸ்டனை நாலைந்து மில்லிமீட்டர் மட்டும் வெளியே வரும்படி பெடலை மெதுவாக மிதியுங்கள். அதற்கு மேல் போனால் கழன்று விழும். பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் வைத்துச் சுற்றிலும் தேய்த்துக் கழுவி, துடைத்து, விரலாலோ மரக்கட்டையாலோ நேராக உள்ளே தள்ளுங்கள். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அருகில் வரக் கூடாது. பிஸ்டன் நகர மறுத்தால், வளையம் உட்காரும் பள்ளத்தில் அரிப்பு உப்பு படிந்து வளையத்தை வெளியே தள்ளுகிறது. பிஸ்டனை எடுத்து, பள்ளத்தைக் கீறாமல் சுரண்டிச் சுத்தம் செய்து, சீல் கிட் போட வேண்டும். பிஸ்டனின் முலாம் உரிந்து குழி விழுந்திருந்தால் பிஸ்டனும் புதிது. முழுக் காலிப்பரை மாற்றுவது, உடல் வெடித்திருந்தாலோ நிப்பிள் முறிந்து உள்ளே நின்றாலோ மட்டும்.

உரசல் சங்கிலி இறுக்கிய பிறகோ டயர் மாற்றிய பிறகோ தொடங்கியிருந்தால் வேறு எங்கும் தேடாதீர்கள். இடது வலது சங்கிலி இழுப்பான் கோடுகள் சமமாக இல்லையென்றால் சக்கரம் கோணலாகும், டிஸ்க் காலிப்பருக்குள் சாய்வாக ஓடும். காலிப்பர் தாங்கியின் பள்ளம் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நாக்கில் சரியாக உட்காராமல் அச்சை இறுக்கியிருந்தாலும், அச்சின் இடைக்குழாய்கள் பக்கம் மாறியிருந்தாலும் இதே கதிதான்.

டிஸ்கின் வளைவைப் பார்க்க, சக்கரத்தை மெதுவாகச் சுற்றிச் சத்தத்தைக் கேளுங்கள். தொடர்ந்து வரும் மெல்லிய உரசல் இயல்பானது, கவலை வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை இறுகி விட்டால் டிஸ்க் வளைந்திருக்கிறது. டிஸ்கில் குறைந்தபட்சத் தடிப்பு முத்திரையாகப் பொறித்திருக்கும். நாலைந்து இடத்தில் வெர்னியரால் அளந்து அதோடு ஒப்பிடுங்கள். வெர்னியரின் வாய் டிஸ்கின் விளிம்பு மேட்டில் உட்காராமல், பேட் ஓடும் தடத்தில் இருக்க வேண்டும். நீலம் பாய்ந்த டிஸ்க் எவ்வளவு சூட்டைப் பார்த்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. வளையாமல், தடிப்பு குறையாமல் இருந்தால் உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை.

உங்களுடையதில் எண்ணெயை எப்படியும் மாற்றுங்கள். இத்தனை முறை வெந்த எண்ணெயை நம்ப முடியாது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த பிறகு 140 தான். டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. தொட்டி மூடியில் எது எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, பெயர் ஒற்றுமையைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். மலைச்சாலையில் பாரத்தோடு ஓடும் மோட்டாருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் தப்பில்லை. திறந்து அலமாரியில் ஒரு வருடம் கிடந்த போத்தலை வேண்டாம், சிறிய புதுப் போத்தல் வாங்குங்கள்.

காற்றெடுக்கும்போது நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, அதன் நுனி கொஞ்சம் எண்ணெயில் மூழ்கியிருக்கட்டும். பெடலை மெதுவாக மூன்று முறை மிதித்துப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, பிறகு பெடலை விடு. இந்த வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். தொட்டி காலியாக விடாதீர்கள். நிப்பிள் மெல்லியது, பெரும்பாலான மோட்டாரில் 6 நியூட்டன் மீட்டர் போதும். ஸ்பானரின் நுனியைப் பிடித்து மூச்சைக் கட்டி இறுக்கினால் முறிந்துவிடும். ஹோஸ் போல்ட்டைத் திறந்திருந்தால் இரண்டு பக்கச் செம்பு வளையமும் புதிதாகப் போடுங்கள்.

புது பேட் போட்டால் முதலில் ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, பத்துப் பன்னிரண்டு முறை, இடையிடையே ஆறவிட்டுச் செய்யுங்கள். பிறகு முன்பு சொன்ன 5 கிலோமீட்டர் சோதனையை மறுபடி செய்து, சொட்டு வழிகிறதா சீறுகிறதா என்று பாருங்கள்.

உங்கள் லயத்தில் டிரம் பிரேக் வைத்த ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டார்களும் இருக்கும். அவற்றின் பின் குடம் சுட்டால் எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை, தேடல் சுருக்கமானது. சங்கிலியை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் நகர்த்தினால் பிரேக் தண்டும் கூடவே இழுபடும், பிரேக் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை சங்கிலி இறுக்கிய பிறகும் பிரேக் நட்டைத் தளர்த்திப் பெடலின் வெற்று அசைவை 20 முதல் 30 மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அது சரியாக இருந்தும் சுட்டால், பிரேக் கைநெம்பைத் தண்டிலிருந்து கழற்றிக் கையால் அசைத்துப் பாருங்கள். தானாகத் திரும்பவில்லை என்றால் உள்ளே இருக்கும் கேம் அச்சில் சேறு இறுகியிருக்கிறது. கழற்றித் துடைத்து, அச்சில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். லைனிங்கில் ஒரு துளி பட்டாலும் பிரேக் போயிற்று. உள்ளே இருக்கும் தூளைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். குடத்தைப் பிடித்திருக்கும் தாங்குகம்பியின் நட்டும் அதன் ஊசியும் இருக்கின்றனவா என்று கண்டிப்பாகப் பாருங்கள். அது கழன்றால் பிரேக் தட்டே சுற்றிச் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

கடைசியாக, எந்தக் கோளாறும் இல்லாத பிரேக்கையும் சுடவைக்கும் சாலை ஒன்று உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது. 59ஆம் எண் சாலை, கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவது. மலை மேலிருக்கும் தானா ராத்தா ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரம். மோட்டாரும் இரண்டு பேரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்தால், அந்த உயரத்தை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் பதினொன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றும் இஞ்சினும் வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்க இரண்டு பிரேக்கின் தலையில். இஞ்சின் எவ்வளவு வாங்குகிறது என்பது உங்கள் கியரைப் பொறுத்தது. இறக்கத்தில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவது பிரேக்கைக் கொல்லும் வழி. பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள். விடும் அந்த இடைவெளியில்தான் டிஸ்க் ஆறும். லாத்தா இஸ்கண்டார் அருவியில் எல்லாரும் எப்படியும் நிற்பார்கள். நின்றதும் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, பதினைந்து நிமிடமாவது ஆறவிடுங்கள்.

வழியில் இறுகிவிட்டால் இழுத்துக்கொண்டு வீடு சேர்ந்துவிடலாம் என்று முயலாதீர்கள். ஓரமாக நிறுத்தி, சைடு ஸ்டாண்டில் விட்டு, டிஸ்க் பக்கம் காய்ந்த புல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருவித் தண்ணீரை மொண்டு ஊற்றினால் டிஸ்க் வளையும். பம்பின் இரண்டு போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். சக்கரம் விட்டால், போல்ட்டை மறுபடி இறுக்கி, தள்ளுதண்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி, தண்டை ஒரு சுற்றுக் குறுக்கி நட்டை இறுக்குங்கள். பெடல் பிடிக்கிறதா, விடுகிறதா என்று நின்ற இடத்திலேயே நாலைந்து முறை பார்த்துவிட்டு, முன் பிரேக்கை நம்பி மெதுவாக இறங்கலாம். விடவில்லை என்றால் அங்கே நிப்பிளைத் திறக்காதீர்கள், லாரிக்காரரையோ நண்பரையோ கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு வாருங்கள். அப்படிக் கடைக்கு ஏற்றி வந்தால் எந்தப் போல்ட்டைத் தளர்த்தினீர்கள், விட்டதா இல்லையா என்பதைப் பொமெனிடம் சொல்லுங்கள். அதற்குள் பிரேக் ஆறியிருக்கும், அவருக்கு அதைக் கண்டுபிடிக்க வேறு வழியிருக்காது.